வண்டி ஏன் ஒரு பக்கமாக இழுக்கிறது?

அடுத்த முறை காரில் போகும்போது, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, ஓட்டுபவரின் கைகளைக் கவனியுங்கள். சாலை நேராகத்தான் போகிறது. வளைவு இல்லை, பள்ளம் இல்லை, எதிரே வண்டியும் வரவில்லை. ஆனாலும் அவர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒரு துளி திருப்பியபடியே பிடித்திருக்கிறாரா? பிடி கொஞ்சம் தளர்ந்தால் வண்டி மெல்ல இடது ஓரத்துக்கு நகர்கிறதா? அப்படியானால் அந்த வண்டி இழுக்கிறது. மெக்கானிக் ஷெட்டில் போய், "வண்டி லெஃப்ட்ல இழுக்குதுண்ணே" என்று சொன்னால் போதும், அவருக்குப் புரிந்துவிடும்.

சின்னத் தொந்தரவுதானே என்று பலர் இதை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு வினாடியில் ஏறத்தாழ 16.7 மீட்டர் கடக்கும். அது நேர்கோட்டிலிருந்து ஒரே ஒரு டிகிரி விலகிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வினாடியில் 29 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். 12 வினாடியில் 3.5 மீட்டர். நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் முழு அகலமே அவ்வளவுதான். ஓட்டுபவர் தூங்கவில்லை, தவறு எதுவும் செய்யவில்லை. வெறும் 12 வினாடி கவனம் சிதறினால் வண்டி பக்கத்துத் தடத்தில் இருக்கும். அதனால்தான் அவர் தன்னை அறியாமலேயே பயணம் முழுக்க ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டே வருகிறார். தோள் வலிக்கிறது, டயரின் ஒரு ஓரம் மட்டும் வேகமாகத் தேய்கிறது.

இனி அறிவியலுக்கு வருவோம். நியூட்டனின் முதல் இயக்க விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். நேராக ஓடிக்கொண்டிருக்கும் பொருள், வெளியிலிருந்து ஒரு விசை தாக்காத வரை நேராகவே ஓடும். ஆகவே கார் இடப்பக்கம் போகிறது என்றால், அதை இடப்பக்கம் தள்ளுகிற விசை ஒன்று எங்கோ இருக்கிறது. தானாக எந்த வண்டியும் திரும்பாது. அந்த விசை எங்கே என்று தேடுவதுதான் நம் வேலை.

தேட வேண்டிய இடம் எவ்வளவு பெரியது தெரியுமா? காருக்கும் பூமிக்கும் உள்ள தொடர்பு, நான்கு டயர்களின் அடிப்பாகம் மட்டும்தான். ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள சிறிய காரில் ஒவ்வொரு சக்கரமும் சுமார் 250 கிலோவைத் தாங்குகிறது. டயருக்குள் காற்றழுத்தம் 32 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. 250-ஐ 2.25-ஆல் வகுத்தால் 111 சதுர சென்டிமீட்டர் வருகிறது. உங்கள் உள்ளங்கை அளவுதான். டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் உண்மையான அளவு சற்று மாறலாம். நான்கு டயர்களுக்கும் சேர்த்தால் 444 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளின் பரப்பு 624 சதுர சென்டிமீட்டர். ஒரு டன் எடையுள்ள வண்டி, ஒரு தாளை விடச் சிறிய இடத்தில் நின்றுகொண்டு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது! வண்டியை நேராக ஓட வைப்பதும், திருப்புவதும், நிறுத்துவதும் எல்லாம் இந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான். அவற்றில் ஒன்று மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி இழுக்கும்.

எந்த ஒன்று? ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி அப்பாவுடன் ஷெட்டுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மெக்கானிக் எடுத்த எடுப்பில் ஸ்பானரைத் தொட மாட்டார். கேள்விதான் கேட்பார்.

"மாமா, எங்க வண்டி ஒரு பக்கமா இழுக்குது."

"எந்தப் பக்கம் பாப்பா?"

"லெஃப்ட்."

"எப்ப இழுக்குது? எப்பவுமா, பிரேக் புடிக்கறப்ப மட்டுமா?"

"எப்பவும்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறது பத்தாது. அப்பாவை ஓட்டச் சொல்லிட்டு நீ பின்னாடி உக்காந்து பாரு. சும்மா போறப்ப இழுக்குதா, பிரேக்ல இழுக்குதா, ஆக்ஸிலேட்டர் குடுக்கறப்ப இழுக்குதா? மூணையும் தனித்தனியா பாத்துட்டு வா."

இந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால் குற்றவாளி பிரேக்கில் இருக்கிறான். எப்போதும் இழுத்தால் முதலில் டயர், சக்கரக் கோணம், சாலை ஆகியவற்றில் தேட வேண்டும். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது மட்டும் லேசாக இழுத்தால், அது வண்டியின் அமைப்பாகவே இருக்கலாம். எஞ்சின் முன்னால் இருக்கும் பல கார்களில் இரண்டு முன்சக்கரங்களுக்கும் விசையைக் கொண்டுபோகும் தண்டுகள் நீளத்தில் சமமாக இருப்பதில்லை. சட்டென்று வேகமெடுத்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் துள்ளும்.

சரி, நம் பெண் பார்த்துவிட்டு வந்து "எப்பவும் இழுக்குது மாமா" என்கிறாள். இப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது காரை அல்ல, சாலையை.

சாலை தட்டையாக இருப்பதில்லை. மழைநீர் தேங்காமல் வடிவதற்காக நடுவில் மேடாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் போடுகிறார்கள். இந்தச் சாய்வு பொதுவாக 2.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஒரு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் இறக்கம். 3.5 மீட்டர் அகலத் தடத்தில் இடது ஓரம், வலது ஓரத்தை விட ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, காருக்குத் தெரியும். 1,000 கிலோ காரை இந்தச் சாய்வு சுமார் 25 கிலோ எடைக்குச் சமமான விசையால் கீழ்ப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் இடப்பக்கம் ஓட்டும் நாடுகள். அதனால் எந்தக் குறையும் இல்லாத காரும் இங்கே லேசாக இடப்பக்கம் நகரும். வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் அதே கார் வலப்பக்கம் நகரும்.

இதைச் சோதிக்கச் சமதளமான பெரிய மைதானம் வேண்டும், அல்லது காலியாகக் கிடக்கும் வாகன நிறுத்துமிடம். அங்கே பெரியவர் ஒருவர் மெதுவாக ஓட்டிப் பார்க்கட்டும். போன திசையிலும், அப்படியே திரும்பி எதிர்த் திசையிலும் ஓட்ட வேண்டும். இரண்டு திசையிலும் வண்டி தன் இடப்பக்கமே இழுத்தால் கோளாறு வண்டியில்தான். ஒரு திசையில் இடமும் மறு திசையில் வலமும் இழுத்தால் தரைதான் சாய்ந்திருக்கிறது. ஓடும் வண்டியில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சோதிப்பது கூடவே கூடாது. கையைத் தளர்வாக வைத்திருந்தாலே விரல்களுக்கு இழுவை தெரிந்துவிடும்.

அடுத்தது காற்று. இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. வண்டி இழுத்தால் நிறையப் பேர் நேராக அலைன்மென்ட் கடைக்குப் போகிறார்கள். பணம் கட்டிக் கோணங்களையெல்லாம் சரிசெய்த பிறகும் இழுக்கிறது. கடைசியில் பார்த்தால் ஒரு டயரில் காற்று குறைவு. எளிதாகவும் செலவில்லாமலும் பார்க்கக்கூடியதை முதலில் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்க்கில் ஐந்து நிமிட வேலை இது.

முன்பக்கம் ஒரு டயரில் 32, இன்னொன்றில் 26 என்று வைத்துக்கொள்வோம். காற்றுக் குறைந்த டயர் தரையில் அதிகமாகத் தட்டையாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் நசுங்கி மறுபடி எழுகிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை; ஒரு பகுதி வெப்பமாகிப் போய்விடுகிறது. அதனால் அந்தச் சக்கரம் மட்டும் உருளத் தயங்குகிறது. நீங்கள் ஓடும்போது ஒருவர் உங்கள் இடக் கையை மட்டும் பிடித்துப் பின்னால் இழுத்தால் என்ன ஆகும்? உடம்பு இடப்பக்கம் திரும்பும். காருக்கும் அதுவேதான். நடுக்கோட்டிலிருந்து தள்ளி இருக்கும் ஒரு சக்கரம் பின்னால் இழுத்தால், அந்த விசையும் தூரமும் பெருகித் திருப்புத்திறன் உண்டாகிறது. காற்றுக் குறைந்த பக்கமே வண்டி திரும்புகிறது.

சக்கரம் உருள்வதில் காற்றுக்கு எவ்வளவு பங்கு என்பதை அழகாகக் காட்டியவர் ஜான் பாய்ட் டன்லப். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்தார். 1887-ல், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக ரப்பர் குழாயில் காற்றடைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தினார். பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழைய சக்கரத்தையும் காற்றடைத்த சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழையது பாதியில் விழுந்தது. காற்றடைத்தது முற்றத்தின் எல்லை வரை ஓடி, வாசல் கம்பத்தில் மோதித் திரும்பியது. 1888-ல் காப்புரிமை பெற்றார். காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1840-களிலேயே காப்புரிமை வாங்கியிருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது. ஆனால் டன்லப் செய்த அந்த முற்றத்துச் சோதனையை இன்றும் யாரும் செய்து பார்க்கலாம். உங்கள் சைக்கிளில் ஒருநாள் காற்றைக் குறைத்து ஓட்டுங்கள், மறுநாள் நிறைத்து ஓட்டுங்கள். கால்களே சொல்லும்.

காற்றை அளக்கும்போது இரண்டு விஷயங்கள். ஒன்று, டயர் ஆறியிருக்க வேண்டும். ஓடிய டயர் சூடாகும், உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி அழுத்தம் கூடும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். இன்னொன்று, எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் எண், அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்றுப் பிடிக்கக் கூடாது.

காற்று சரி. சாலையும் சரி. இன்னும் இழுக்கிறது. இப்போது ஒரு பேப்பர் கப்பை எடுத்து வாருங்கள், டீக்கடையில் தருகிற சாதாரணக் கப். தரையில் படுக்க வைத்து மெல்லத் தள்ளுங்கள். நேராக ஓடாது. வட்டமடிக்கும். குறுகிய அடிப்பாகம் வட்டத்தின் உள்பக்கமும் அகன்ற வாய் வெளிப்பக்கமும் இருக்கும். காரணம் எளிது. வாயின் விட்டம் 7 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 22. அடிப்பாகம் 5 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு சுமார் 15.7. ஒரு முறை உருண்டால் வாய்ப்பக்கம் 22 சென்டிமீட்டர் போக வேண்டும், அடிப்பக்கம் 15.7 மட்டும் போகும். இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் கப் வளைந்துதான் போக முடியும்.

டயரும் சில சமயம் இப்படி ஒரு கூம்பாகிவிடுகிறது. ரப்பருக்கு அடியில் எஃகு இழைகளால் ஆன பட்டைகள் டயரைச் சுற்றி ஓடுகின்றன. தயாரிக்கும்போது அந்தப் பட்டை நடுவிலிருந்து கொஞ்சம் விலகிப் பதிந்துவிட்டால், டயரின் ஒரு தோள் விறைப்பாகவும் மறு தோள் இளக்கமாகவும் ஆகிவிடும். வெளியே பார்த்தால் புத்தம் புதிய டயர். நிறுத்தி வைத்து அளவெடுத்தாலும் வித்தியாசம் தெரியாது. எடை ஏறி உருளும்போது மட்டும் அது கூம்பாக நடந்துகொள்கிறது, குறுகிய பக்கம் இழுக்கிறது. டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோனாலும் இதே கதைதான்.

கண்ணுக்குத் தெரியாத இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இழுக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பரிந்துரைப்பது இந்தச் சோதனையைத்தான். ஜாக்கி போட்டு, முன்பக்க இரண்டு சக்கரங்களையும் இடம் வலமாக மாற்றிப் போடுவது. அவ்வளவே. வேறு எதையும் தொடக் கூடாது. மாற்றுவதற்கு முன் நோட்டில் எழுதி வையுங்கள்: "டயர்தான் காரணம் என்றால் இழுவை இப்போது வலப்பக்கம் மாற வேண்டும்." ஏன் மாற வேண்டும்? கப்பின் அடிப்பாகம் காருக்கு வெளிப்பக்கம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடச் சக்கரத்தில் அது இடப்பக்கம் பார்க்கும், இடப்பக்கம் இழுக்கும். அதே கப்பை வலச் சக்கரத்தில் மாட்டினால், அடிப்பாகம் இப்போதும் வெளிப்பக்கமே, அதாவது வலப்பக்கம் பார்க்கும்.

மாற்றிய பிறகு அதே சாலை, அதே வேகம், வண்டியில் அதே ஆட்கள். இழுவை வலப்பக்கம் போய்விட்டதா? டயர்தான். இடப்பக்கமே நிற்கிறதா? டயர் நிரபராதி. இடப்பக்கமே இருக்கிறது, ஆனால் குறைந்திருக்கிறது என்றால் டயரும் வேறொன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒரே சமயத்தில் டயரையும் மாற்றி, அலைன்மென்ட்டும் செய்து, பிரேக்கையும் பிரித்து மாட்டியிருந்தால் வண்டி சரியாகியிருக்கும். எதனால் சரியானது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஆய்வகத்தில் உங்கள் ஆசிரியர், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று சொல்வது இதற்காகத்தான். சில டயர்களில், ஒரு திசையில் மட்டுமே சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருக்கும். அவற்றை இடம் வலமாக மாற்றக் கூடாது. அதே பக்கத்தில் முன்னதைப் பின்னால் போட்டுப் பார்க்கலாம்.

காருக்குத் தொல்லை தரும் இந்தக் கூம்பு, ரயிலுக்கு உயிர். ரயில் சக்கரத்தின் ஓடும் பரப்பு உருளையாக இருக்காது. 20-க்கு 1 என்ற கணக்கில் மெலிதாகச் சரிந்திருக்கும், உள்பக்கம் பெரிது, வெளிப்பக்கம் சிறிது. ரயில் வலப்பக்கம் நகர்ந்தால் வலச் சக்கரம் தன் பெரிய பாகத்திலும் இடச் சக்கரம் தன் சிறிய பாகத்திலும் உருளும். வலப்பக்கம் அதிக தூரம் போவதால் ரயில் தானாக இடப்பக்கம் திரும்பி நடுவுக்கு வரும். இரண்டு பேப்பர் கப்களை வாயோடு வாய் வைத்து ஒட்டி, இணையாக வைத்த இரண்டு குச்சிகள் மேல் உருட்டிப் பாருங்கள். பிறகு அடியோடு அடி ஒட்டி உருட்டுங்கள். எது விழுகிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

டயர் நிரபராதி என்று தெரிந்தால் அலைன்மென்ட் கடைக்குப் போகலாம். அங்கே மூன்று கோணங்களைப் பற்றிப் பேசுவார்கள்: கேம்பர், கேஸ்டர், டோ.

காரை முன்னாலிருந்து பாருங்கள். சக்கரத்தின் மேல்பாகம் வெளியே சாய்ந்திருந்தால் கேம்பர் கூட்டல், உள்ளே சாய்ந்திருந்தால் கழித்தல். சாய்ந்த சக்கரம் சாய்ந்த பக்கமே போகப் பார்க்கும். ஐந்து ரூபாய் நாணயத்தைத் தரையில் உருட்டிவிட்டால், அது சாயத் தொடங்கியதும் அந்தப் பக்கமே வளைவதைப் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு வெளியே சாய்ந்திருந்தால் ஒன்று இடமும் மற்றொன்று வலமும் இழுத்து, கணக்கு நேராகிவிடும். ஒன்று அதிகம் சாய்ந்தால்தான் சிக்கல். கூட்டல் கேம்பர் அதிகமுள்ள பக்கம் வண்டி இழுக்கும். பொதுவாக இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டக் கூடாது என்பார்கள்.

கேஸ்டரைப் புரிந்துகொள்ள உங்கள் சைக்கிள் போதும். பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை செங்குத்தாக இல்லை. ஹேண்டில்பார் பக்கம் பின்னால் சாய்ந்திருக்கிறது. ஹேண்டில்பார் திரும்பும் அந்த அச்சைத் தரை வரை ஒரு கோடாக நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய்ச் சேரும். ஆக, சக்கரம் தன் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. இழுபட்டு வரும் சக்கரம் தானாக நேராகிவிடும். வளைவு முடிந்ததும் காரின் ஸ்டியரிங் தானாகத் திரும்பி நடுவுக்கு வருவது இதனால்தான். காரில் இரண்டு முன்சக்கரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வண்டியின் நடுவை நோக்கித் திரும்பப் பார்க்கும், இரண்டையும் ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட் என்ற தண்டு வழியாக ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும். கேஸ்டர் அதிகமுள்ள சக்கரம் வெல்லும். ஆகவே கேஸ்டர் குறைந்த பக்கம் வண்டி இழுக்கும்.

டோ என்பது, மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் மூக்குகள் உள்ளே பார்க்கின்றனவா வெளியே பார்க்கின்றனவா என்பது. இதில் பெரியவர்களே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. முன்சக்கரங்களின் டோ தவறினால் வண்டி பொதுவாக இழுப்பதில்லை. இரண்டு சக்கரங்களும் ஒரே ஸ்டியரிங்கோடு இணைந்திருப்பதால், ஓடும்போது அந்தத் தவறைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் தேயும். நின்றிருக்கும் வண்டியின் டயர் மேல் கையைக் குறுக்காகத் தடவினால், ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் பல் பல்லாகவும் தட்டுப்படும். ஸ்டியரிங் கோணலாக இருப்பது வேறு, வண்டி இழுப்பது வேறு. கடையில் சொல்லும்போது இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

கடையில் வேலை நடக்கும் விதத்தைக் கூர்ந்து பாருங்கள். வண்டி மேடை மேல் ஏறியதும், நல்ல ஆள் முதலில் கணினியைப் பார்க்க மாட்டார். ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டுவார். ஆடினால் டை ராட் முனை. ஆடும் பாகத்தை வைத்துக்கொண்டு கோணத்தைச் சரிசெய்து பயனில்லை. பிறகு நான்கு சக்கரங்களிலும் பலகை போன்ற குறிகளை மாட்டுவார், எதிரே இருக்கும் கேமராக்கள் அவற்றைப் பார்க்கும். வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டுவார். சக்கர விளிம்பில் லேசான நெளிவு இருந்தால் கணக்கு தவறிவிடாமல் இருக்க அது உதவும். அடுத்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்புவார். கேஸ்டரை நேரடியாக அளக்க முடியாது. சக்கரம் திரும்பும்போது கேம்பர் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, அதிலிருந்து கணினி கேஸ்டரைக் கணக்கிடுகிறது. தெரிந்ததை வைத்துத் தெரியாததைக் கண்டுபிடிக்கும் உங்கள் அல்ஜீப்ரா பாடமே இது.

சரிசெய்வது அதை விடச் சுலபம். டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, மரை போட்ட தண்டைத் திருகினால் அதன் நீளம் மாறும், டோ மாறும். பல சிறிய கார்களில் கேஸ்டரைத் திருக எந்த நட்டும் கிடையாது. அங்கே கேஸ்டர் மாறியிருந்தால், பள்ளத்தில் விழுந்தோ கல்லில் மோதியோ ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்ம். சிலர் அதைச் சூடாக்கி அடித்து நிமிர்த்தித் தருகிறேன் என்பார்கள். அதற்குச் சம்மதிக்கக் கூடாது. வளைந்து நிமிர்ந்த இரும்பு உள்ளே பலம் இழந்திருக்கும். வண்டியின் எடையைத் தாங்கும் பாகம் அது. புதியதுதான் போட வேண்டும்.

பிரேக் கதை தனி. பிரேக் மிதியை அழுத்தினால், குழாய்க்குள் இருக்கும் திரவம் அந்த அழுத்தத்தைக் கொண்டுபோகிறது. அடைத்து வைத்த திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டறிந்த விதிதான் இங்கே வேலை செய்கிறது. ஆகவே இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் ஒரே அழுத்தம் போகிறது. ஆனால் வலப்பக்கப் பிஸ்டன் துருப்பிடித்து நகர மறுத்தால்? அழுத்தம் வந்தும் பிடி வராது. இடச் சக்கரம் மட்டும் பிடிக்கும், வண்டி இடப்பக்கம் பாயும். இழுப்பது இடப்பக்கம், கெட்டிருப்பது வலப்பக்கம்! இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். இடப்பக்கப் பிஸ்டன் பிடித்துவிட்டு, மிதியை விட்ட பிறகும் விடாமல் ஒட்டிக்கொண்டால், சும்மா போகும்போதே வண்டி இடப்பக்கம் இழுக்கும். அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கும், கருகிய வாடை வரும். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், சுட்டுவிடும். தொடாமலே வெப்பம் காட்டும் கருவி மெக்கானிக்கிடம் இருக்கும். பிரேக்கில் இழுக்கும் வண்டியை நாளைக்குப் பார்க்கலாம் என்று ஓட்டக் கூடாது. அன்றே சரிசெய்ய வேண்டும். நீங்கள் ஜாக்கி போட்ட வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அலைன்மென்ட் முடிந்ததும் ஒரு தாள் அச்சிட்டுத் தருவார்கள். பெரும்பாலும் அது வண்டியின் கையுறைப் பெட்டிக்குள் போய்விடும். நீங்கள் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் டிகிரிக்குப் பக்கத்தில் நிமிடம் என்று போட்டிருப்பது, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. உங்களுக்காக ஒரு மாதிரித் தாள் தயாரித்திருக்கிறேன். சரிசெய்வதற்கு முன்: இட கேம்பர் கழித்தல் 20 நிமிடம், வல கேம்பர் கூட்டல் 25 நிமிடம். இட கேஸ்டர் 3 டிகிரி 10 நிமிடம், வல கேஸ்டர் 3 டிகிரி 5 நிமிடம். சரிசெய்த பின்: இட கேம்பர் கழித்தல் 10, வல கேம்பர் கழித்தல் 15. கேஸ்டர் மாறவில்லை. டயர், காற்று, பிரேக் எல்லாம் சரியாக இருந்த இந்த வண்டி முன்பு எந்தப் பக்கம் இழுத்திருக்கும்? எந்தக் கோணம் காரணம்?

கேஸ்டரில் 5 நிமிட வித்தியாசம்தான், அதை விட்டுவிடலாம். கேம்பரில் கழித்தல் 20-லிருந்து கூட்டல் 25 வரை மொத்தம் 45 நிமிடம், அரை டிகிரியைத் தாண்டிவிட்டது. கூட்டல் இருப்பது வலப்பக்கம். ஆகவே வண்டி வலப்பக்கம் இழுத்திருக்கும், சாலையின் இடச் சாய்வையும் மீறி.